படிவத்தில் எழுதிய ரோசன்கோல்

1

எங்கள் கல்யாண நாள் வைகாசியில் வரும். இந்த முறை அன்று காலை தபால் பெட்டியில் ஒரே ஒரு உறை கிடந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக யாரோ ஒருவர் ஞாபகம் வைத்து வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகப் பிரித்தேன். தோட்டச் சங்கத்தின் கடிதம். நடுவில் மூன்று வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. ஜெர்மன்காரர்கள் தடித்த எழுத்தில் அச்சடித்தால் அது நல்ல சேதியாக இருக்காது என்பது இங்கே வந்த பத்து வருஷத்தில் நான் தெளிவாகக் கற்றுக்கொண்ட சில விஷயங்களில் ஒன்று.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் இருப்பது லைப்சிக் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். மூன்றாவது மாடியில் வீடு. கால் வைக்க மண் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, சங்கத்தார் துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்கு விடும் தோட்டங்களில் ஒன்றுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று வருஷம் காத்திருந்தோம். கிடைத்து இன்னொரு மூன்று வருஷம் ஆகிறது. அதில் என் மனைவி வசந்தா ரோஜா வளர்க்கிறாள். ரோஜா மட்டும்தான் வளர்க்கிறாள்.

கடிதத்தை மகள் யாழினியிடம் கொடுத்தேன். பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிகிறது, அடுத்து ஹாம்பர்க் போகப் போகிறாள். எங்களோடு பேசுவதைவிட எங்களுக்காகப் பேசுவதுதான் அவளுக்கு வேலை. ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள். தோட்டத்துக்கான விண்ணப்பத்தை யார் நிரப்பியது என்று கேட்டாள். நான்தான், யார் உதவியும் இல்லாமல், என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று வசந்தா ஓடி வந்தாள். யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க மொத்தத் தோட்டத்துலயும் குட்டிக்கோஸ் போடறேன்னு எழுதிக் குடுத்துருக்கீங்க."

நடந்தது இதுதான். அந்தப் படிவத்தில் என்னென்ன பயிரிடப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் கட்டம், அதற்குப் பக்கத்தில் எவ்வளவு பரப்பு என்று ஒரு கோடு. உருளைக்கிழங்கு தெரிந்தது, காரட் தெரிந்தது. அதற்குக் கீழே 'ரோசன்கோல்' என்று ஒரு சொல். ரோசன் என்றால் ரோஜாக்கள். அது எனக்குத் தெரியும். கோல் என்றால் கோல்தானே. ரோஜாக் கோல், அதாவது ரோஜாக் குச்சி, பதியன் போட வைத்திருக்கும் துண்டு. இவ்வளவு அழகாக நம் மொழியோடு பொருந்துகிறதே என்று வியந்தபடி கட்டத்தில் டிக் அடித்து, பரப்பு என்ற இடத்தில் 'முழுவதும்' என்று எழுதினேன்.

ரோசன்கோல் என்பது நெல்லிக்காய் அளவில், ஒரு தண்டு முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் கோஸ். நாங்களும் அதைப் பல தடவை வாங்கிச் சமைத்திருக்கிறோம். கடையில் காய்கறியைப் பார்த்து எடுப்போமே தவிரப் பெயரைப் படித்து எடுக்கிறவர்கள் இல்லை. வீட்டில் அதன் பெயர் குட்டிக்கோஸ்.

இப்போது பழைய விஷயங்களெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. சாவி வாங்கப் போன அன்று சங்கத்தின் செயலாளர் அம்மா என் கையை வெகுநேரம் குலுக்கி, உங்கள் குடும்பத்துக்கு இது அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டார். எங்கள் ஊரில் இது இல்லாத வீடே கிடையாது, சாமிக்கு மாலையாகப் போடுவோம், என் மனைவி தினமும் தலையில் வைத்துக்கொள்வாள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, மெதுவாக, 'அழகு' என்றார். பக்கத்துத் தோட்டக்காரர் ஹோர்ஸ்ட், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று குளிர்காலமும் எங்களுக்குப் பை பையாகக் குட்டிக்கோஸ் கொடுத்தார். அது இந்த நாட்டில் பண்டிகை வழக்கம் என்று நாங்களும் பதிலுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2

சிரித்து முடித்ததும் யாழினி மீதியைச் சொன்னாள். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது தின்னக்கூடிய பயிராக இருக்க வேண்டும் என்பது விதி. முழுவதும் கோஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், வேலிக்கு மேல் பார்த்தால் முழுவதும் ரோஜாவாக இருக்கிறது, வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்து பார்க்கும், விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் செடிகளை எடுத்துவிட வேண்டும், அல்லது தோட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். அன்றைக்குத் திங்கள்கிழமை.

"ரூல்னா ரூல்தான்பா" என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். அந்தக் குரலில் எனக்குச் செயலாளர் அம்மாவின் குரல் கேட்டது.

வசந்தா அடுப்பை அணைத்தாள். இட்லிப் பானையை இறக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றால் எனக்குப் பயம். ஏனென்று சொல்கிறேன்.

வசந்தாவுக்குத் திண்டிவனம். எனக்குக் காணை, விழுப்புரத்தை ஒட்டி. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் வசந்தாவைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு சீதோஷ்ணம் என்பாள். திண்டிவனத்துக் காற்றில் மரக்காணத்துக் கடல் கலந்திருக்கிறது, அதனால் அங்கே பூத்த பன்னீர் ரோஜாவுக்கு வாசனை பத்து மணி வரைக்கும் நிற்கும், விழுப்புரத்து வெயிலில் ஏழு மணிக்கே போய்விடும் என்பது அவள் கட்சி. என் அப்பா கரும்புக் கொல்லையின் ஓரத்தில் இரண்டு வரிசை பன்னீர் ரோஜா வைத்திருந்தார். அதன் வாசனை பஸ் நிறுத்தம் வரைக்கும் வரும் என்பது என் கட்சி. எங்கள் கல்யாணம் மயிலம் கோயிலில் நடந்தபோது, மாலை விஷயத்தில் இரண்டு வீட்டாரும் விட்டுக்கொடுக்கவில்லை. திண்டிவனத்து மாலை, விழுப்புரத்து மாலை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டும்போது எனக்கு எதிரே இருப்பது யாரென்று தெரியாத அளவுக்குக் கண் வரைக்கும் ரோஜா. நான் தும்மியதுதான் கல்யாண வீடியோவில் தெளிவாகப் பதிவான ஒரே சத்தம்.

இங்கே வந்த பிறகு நான் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். விழுப்புரத்தில் பார்த்த அதே வேலை. வசந்தாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மழலையர் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் பனி விழும்போது, இந்த வருஷத்தோடு ஊருக்குக் கிளம்பிடலாம் என்பாள். கோபமாகச் சொன்னால் பரவாயில்லை, கணக்கு வாத்தியார் விடை சொல்வது மாதிரி அமைதியாகச் சொல்வாள். தோட்டம் வந்த பிறகு அதைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். நானும் கவனிக்காத மாதிரி இருந்தேன், பேச்சை எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்று.

3

அந்த ரோஜா லேசில் வந்ததில்லை. முதலில் ஊரிலிருந்தே கொண்டுவரப் பார்த்தோம். வசந்தாவின் தங்கை காஞ்சனா திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். மொட்டை மாடியில் பெயின்ட் வாளிகளில் பன்னீர் ரோஜாவும் வைத்திருக்கிறாள். அவள் ஆறு குச்சிகளை வெட்டி, ஈரத் துண்டில் சுற்றி, புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தாள். செடி கொண்டுவர அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்தில் அதிகாரி என்னைப் பார்த்துச் சும்மாதான் சிரித்தார். எனக்கு என்ன ஆனதோ, அவர் கேட்பதற்கு முன்பே பெட்டியில் ஆறு குச்சி இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆறும் குப்பைக்குப் போக, வீடு வரைக்கும் வசந்தா எனக்கு இரண்டு சீட் தள்ளியே உட்கார்ந்து வந்தாள். காஞ்சனா மட்டும் போனில், "மாமா, அவரு சிரிச்சா நீங்களும் சிரிச்சிக்கினு வர வேண்டியதுதான" என்றாள்.

பிறகு இங்கேயே ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனோம். வசந்தா ஒவ்வொரு செடியாகக் குனிந்து முகர்ந்துகொண்டே போனாள். தட்டு மாதிரி பூக்கள், மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. இது சோப்பு, இது எலுமிச்சம்பழம், இது ஒன்றுமே இல்லை, பேப்பர் என்று அவள் தமிழில் தீர்ப்புச் சொல்ல, பண்ணைக்காரர் பின்னாலேயே வந்தார். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பூ, வெளுத்த ரோஸ் நிறம், கலைந்த இதழ்கள், யாரும் வாங்காத செடி. முகர்ந்தாள். நிமிரவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. பிறகு, "நம்மூருதுங்க" என்றாள். பண்ணைக்காரரிடம் அந்த வரிசையில் இருந்த எல்லாவற்றையும் காட்டினாள்.

ஆனால் பூ நம்மூருதானாலும் சீதோஷ்ணம் நம்மூரு இல்லை. காஞ்சனாவின் வாளியில் வருஷம் முழுக்கப் பூக்கும். இது வைகாசி, ஆனியில் சில வாரம் பூத்துவிட்டு, மீதி நாளெல்லாம் முள்ளைக் காட்டிக்கொண்டு நிற்கும். அங்கே விடியற்காலையில் வாசனை. இங்கே காலையில் முகர்ந்தால் ஈர மண் வாசனைதான். மத்தியானம் வெயில் ஏறி மூன்று மணிக்குத்தான் பூவுக்குத் தூக்கம் கலையும். குளிர்காலத்துக்கு முன்னால் அடிக் கிளைகளை மண்ணைக் குவித்து மூட வேண்டும் என்று ஹோர்ஸ்ட் காட்டிக் கொடுத்தார். முதல் வருஷம் அப்படி மூடியபோது, உயிரோட பொதைக்கிற மாதிரி இருக்குது என்று வசந்தா மூக்கை உறிஞ்சினாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர், அதன் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றச் சொன்னாள் காஞ்சனா. இங்கே புண்ணாக்குக்கு எங்கே போவது. கடையில் விற்கும் உப்புப் போட்ட வறுத்த மல்லாட்டையைக் கழுவி அரைத்து ஊற்றினோம். ரோஜாவுக்கு அது பிடித்ததா தெரியவில்லை. அணில்களுக்குப் பிடித்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட வந்தன.

4

திங்கள்கிழமை சாயங்காலம் காஞ்சனாவைக் கூப்பிட்டோம். திண்டிவனத்தில் மணி ஒன்பது, கடையைச் சாத்திவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள். கதையைக் கேட்டாள். கேட்டு முடித்து, இதில் பேஜாரே இல்லை என்றாள்.

"ரோஜா துன்ற பொருளுதான மாமா. குல்கந்து போட்டு அவங்க வாயில வெச்சிடுங்க."

இதழும் சர்க்கரையும் மாற்றி மாற்றிப் பாட்டிலில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, வெயிலில் வைத்தால் குல்கந்து. அவள் மாடியில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் ஆகிவிடும். எங்களிடம் இருந்தது ஐந்து நாள், அதிலும் ஜெர்மன் வெயில். செவ்வாய்க்கிழமை இரண்டு கூடை பூப் பறித்து முதல் பாட்டிலைப் போட்டோம். எங்கள் வீட்டு ஜன்னலில் வெயில் ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். புதன்கிழமை அதை நான் காரில் எடுத்துக்கொண்டு போனேன். முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் தெற்குப் பார்த்து நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து காரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்திவிட்டுப் போனேன். கூட வேலை செய்கிறவர் புதுக் காரா என்று கேட்டார்.

வியாழக்கிழமை மழை. பாட்டிலில் இதழ்கள் சர்க்கரைத் தண்ணீரில் மிதந்தன. அதுவும் கால் பாட்டில்தான். குழுவில் ஐந்து பேர். காஞ்சனா இந்த முறை யோசித்தாள். அடுப்பில் வைத்துச் சின்னத் தீயில் கிளறு, அது குல்கந்து இல்லை, ஜாம், ஆனால் வேறு வழியில்லை என்றாள். ஜாமுக்கு இதழ் நிறைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு போர்வையோடு தோட்டத்துக்குப் போனோம். வசந்தா முதல் செடியில் ஆரம்பித்தாள். ஒன்றிரண்டு விட்டு வைப்பாள் என்று நினைத்தேன். விடவில்லை. விரிந்தது, பாதி விரிந்தது, நிறம் காட்டிய மொட்டு, எல்லாம் பறித்தாள். வருஷத்துக்கு ஒரே தடவை பூக்கிற பூ. எட்டுக் குளிர் மாதம் காத்திருந்த பூ. நான் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.  கடைசிச் செடியில் அவள் ஒரு பூவை எடுத்துத் தலையில் வைக்கப் போய், பிறகு அதையும் போர்வையில் போட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹோர்ஸ்ட் நின்றுகொண்டிருந்தார். பூவெல்லாம் போய்ப் பச்சையாக நிற்கும் செடிகளைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், வசந்தாவின் முகத்தைப் பார்த்தார். சங்கம் சொன்னதா என்று கேட்டார். ஆமாம், சங்கத்துக்காகத்தான் என்றேன். நான் சொன்னது சரிதான். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

5

சனிக்கிழமை விடிகாலையில் கிளறி இறக்கிய, சூடு ஆறாத இரண்டு பாட்டில் ஜாமும் ரொட்டியுமாக ஒன்பதரைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தால், ரோஜாச் செடிகளுக்கு முன்னால் புதிதாகக் கிளறிய மண்ணில் நூல் பிடித்த மாதிரி பன்னிரண்டு குட்டிக்கோஸ் நாற்றுகள் நின்றன. ஹோர்ஸ்ட் தன் பாத்தியிலிருந்து பிடுங்கி, முந்தின நாள் மாலை வேலி தாண்டி வந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. இப்போது கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு தன் பக்கத்து வேலியருகே காவல்காரர் மாதிரி நின்றார். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

யாழினி வரவில்லை. வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், தோழிகளோடு ஏரிக்குப் போவதாக ஏற்பாடு.

பத்து மணிக்குச் செயலாளர் அம்மாவும் நான்கு பேரும் வந்தார்கள். ரோஜாத் தோட்டம் என்று புகார், வந்து பார்த்தால் ஒரு ரோஜாகூட இல்லை. செயலாளர் அம்மா தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பன்னிரண்டு நாற்றையும் எண்ணினார். அது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கு விமான நிலையத்து வியாதி வந்துவிட்டது. நேற்று மாலையிலிருந்து என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஹோர்ஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நான் நாலு நாளாக மனப்பாடம் செய்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தேன். இந்த ரோஜாக்கள் அலங்காரத்துக்கு இல்லை, நாங்கள் அவற்றை ஆசையாகச் சாப்பிடுவோம் என்பதுதான் சொல்ல வேண்டியது. ஜெர்மனில் 'அவற்றை' என்பதற்கும் மரியாதையான 'உங்களை' என்பதற்கும் ஒரே சொல், 'ஸீ'. வாக்கியத்தின் முன்பாதி பதற்றத்தில் மறந்துபோய், பின்பாதி மட்டும் வந்தது. செயலாளர் அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து, நாங்கள் உங்களை ஆசையாகச் சாப்பிடுவோம் என்றேன். புரியவில்லையோ என்று இன்னொரு முறை, என் மனைவி உங்களைச் சர்க்கரை போட்டுக் கிளறுவாள் என்றும் சேர்த்தேன். குழுவில் ஒருவர் ஓரடி பின்னால் போனார்.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. யாழினி. தோளில் துண்டு, கையில் நாலைந்து தாள். சங்கத்தின் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்திருக்கிறாள், மஞ்சளில் கோடு போட்டிருக்கிறாள். அப்பா ஒரு நிமிஷம் பேசாம இருங்க என்றாள். பிறகு அவர்களிடம் பேசினாள். தின்னக்கூடிய பயிர் என்பதில் மூலிகையும் தேநீருக்கான செடியும் சேரும் என்று விதியே சொல்கிறது. இந்த இதழ் மூலிகை. எங்கள் ஊரில் வயிற்றுச் சூட்டுக்குத் தருகிறோம். அறுவடை நேற்று நடந்தது, இதோ பாட்டிலில் இருக்கிறது. படிவத்தில் என் அப்பா எழுதியது தப்பு, அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

கடைசியில் அவள் வசந்தாவின் பக்கம் திரும்பி, தமிழில், "அம்மா, நீயே குடு" என்றாள்.

வசந்தா இங்கே பத்து வருஷமாக யாரிடமும் நீளமாகப் பேசியதில்லை. ரொட்டித் துண்டில் தடவி முதல் ஆளாகச் செயலாளர் அம்மாவிடம் நீட்டி, சாப்பிடுங்கள், சூடாக இருக்கும்போதே வாசனை என்று தன் ஜெர்மனில் சொன்னாள். இரண்டு தப்பு இருந்தது என்று யாழினி பிறகு சொன்னாள். அந்த அம்மா வாயில் போட்டார். மென்றார். மூக்கு வழியாக மூச்சை விட்டார். பிறகு இன்னொரு ரொட்டி கேட்காமல் பாட்டிலைக் காட்டி, கரண்டி இருக்கிறதா என்று கேட்டார்.

ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். வேலி தாண்டி ஹோர்ஸ்டுக்கும் போயிற்று. பின்னால் போன மனிதர்தான் அதிகம் சாப்பிட்டார். அவ்வளவு ஜாமும் காலி ஆன பிறகு, முடிவு எழுத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

6

எழுத்தில் வர மூன்று வாரம் ஆயிற்று. இதழை அறுவடை செய்து உண்பது தொடரும் வரையில் இந்த ரோஜாக்கள் உண்ணக்கூடிய பயிராகக் கருதப்படும் என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு நாற்றும் அப்படியே இருக்கட்டும், அவை ஏற்கெனவே குறிப்பில் ஏறிவிட்டன என்றும் இருந்தது. தடித்த எழுத்தே இல்லை.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். யாழினியும் அங்கேதான் இருந்தாள், நிழலில் கால் நீட்டிப் போனைப் பார்த்துக்கொண்டு. வசந்தா கையுறை போட்டுக்கொண்டு பூத்து முடிந்த கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜெர்மனில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொல்லி, இரண்டாவது பத்தியில் சிக்கிக்கொண்டேன். யாழினி தலையைத் தூக்காமலே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னாள். முழுவதும் படித்து முடித்து, வசந்தா என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அத மடிச்சி பையில வெச்சிட்டு இந்தக் கிளைய புடிங்க" என்றாள். "குனிஞ்சி புடிங்க, முள்ளு குத்தப்போவுது. இங்க வெட்டுனா அடுத்த வருஷம் ரெண்டா கிளைக்கும்."

குனிந்து பிடித்தேன். குத்தத்தான் குத்தியது.